தெரியாது என்று சொன்ன நேர்ஸ்

2003 மார்ச்சில் அம்மாவுக்கு 58 வயது. காலில் சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டு, பேர்ச்மவுண்ட் வீதியிலுள்ள ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். சில நாளில் சார்ஸ் என்ற புதிய தொற்றுநோயின் செய்தி வெடித்தது. மார்ச் 16க்குப் பிறகு அங்கே போய் வந்த எல்லோரும் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு நேர்ஸ் தினமும் தொலைபேசியில் காய்ச்சல் அளவு விசாரிப்பார். இது என்ன கிருமி என்று அம்மா கேட்கச் சொன்னார், கேட்டேன். "இன்னும் நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் வீட்டில் இருக்கச் சொல்கிறோம்" என்றார் அவர்.

"தெரியாதெண்டு வாய்விட்டுச் சொல்லுறவ பொய் சொல்லமாட்டா" என்றார் அம்மா. பத்து நாளும் வாசற்படி தாண்டவில்லை.

கனடாவில் சார்ஸுக்கு 44 பேர் பலியானார்கள். அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பல், அறிவியல் முடிவாக நிரூபிக்கும்வரை காத்திராமல் பாதுகாப்பு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று 2007இல் வெளியான அறிக்கையில் எழுதினார். அந்த நேர்ஸ் எங்களுக்குச் சொன்னதும் அதுதான்.

2021இல், கோவிட் தடுப்பூசி வந்தபோது, அம்மாவுக்கு 76. மார்ச் 1: 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அஸ்ட்ராசெனகா ஊசி வேண்டாம் என்றது தேசிய தடுப்பூசி ஆலோசனைக் குழு. மார்ச் 16: போடலாம். மார்ச் 29: 55க்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். ஏப்ரல் 20 முதல் ஒன்ராறியோவில் 40 வயதுக்காரரும் போடலாம் என்றானது. மருந்துக்கடை வரிசையில் நின்று நானும் போட்டுக்கொண்டேன். மே 3: மற்ற ஊசிகளே மேல். மே 11: முதல் ஊசியாக அதைக் கொடுப்பதை மாகாணமே நிறுத்தியது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. முதல் சோதனைகளில் முதியவர்கள் குறைவு; பிறகு பிரிட்டனிலிருந்து விவரம் வந்தது; பிறகு அரிதான இரத்தக்கட்டி தெரியவந்தது. ஆய்வாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு முறையும் கடைசித் தீர்ப்புப்போல அறிவித்தார்களே, அவர்கள்மேல்தான் கோபம். உடனே போடுங்கள் என்றவர்கள், நோய் மிகுந்த எங்கள் ஸ்காபரோவிலேயே ஏப்ரல் நடுவில் கையிருப்பில்லாமல் ஊசி நிலையங்களை மூடவும் விட்டார்கள். தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் பொய்கள் அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எடுபட்டன.

என் வற்புறுத்தலுக்காக அம்மா இரண்டு ஊசியும் போட்டார். போன குளிர்காலத்தில் ஃப்ளூ ஊசிக்குக் கூப்பிட்டேன்.

"அந்த நேர்ஸ் சொன்னா வாறன்" என்றார்.