டேலிலிக்காரர்

ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் ஒஹையோ பக்கம் போகிறவர்கள், விடிந்தும் விடியாத நேரத்தில் யாராவது அரைக்கால் சட்டையோடு தோட்டத்தில் குனிந்து நிற்பதைப் பார்த்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று இரக்கப்பட வேண்டாம். அவர் டேலிலிக்காரர். நேற்று மலர்ந்து வாடியதையெல்லாம் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருக்கிறார். டேலிலிப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல். தண்டில் மொட்டுகள் வரிசையாகக் காத்திருப்பதால் மறுநாள் இன்னொன்று மலரும். எனவே கிள்ளுகிற வேலையும் தினசரி. அடர்நிறப் பூக்களின் சாயம் ஏறிய விரல்களோடு அவர் கை குலுக்க வந்தால் எவருமே ஒரு நொடி யோசிப்பார்கள்.

"லில்லி அழகா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். போச்சு. லில்லி கிழங்கிலிருந்து வருவது, இது வேர்க்கொத்திலிருந்து வருவது என்று ஆரம்பித்து, தாவரவியலார் இதை லில்லிக் குடும்பத்திலிருந்து எப்போதோ வெளியேற்றிவிட்டார்கள் என்பதில் கொண்டுவந்து நிறுத்துவார். இப்போது இது இருப்பது சோற்றுக்கற்றாழை இருக்கிற குடும்பத்தில். நம் ஊரில் திருஷ்டி கழிய வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தக் கற்றாழைக்கு இப்படி ஓர் ஒய்யாரி உறவு! ஆறு இதழ் என்று எண்ணிச் சொன்னாலும் தப்ப முடியாது. மூன்றுதான் அல்லி இதழ், மற்ற மூன்றும் புல்லி இதழ்.

டேலிலிக்காரர்களில் பல சாதி உண்டு. எனக்குப் பிடித்தவர் சிவப்பும் க்ரீமும் கலந்த பூவுக்கு ஆசைப்படுகிறவர். ஃப்ரான்ஸ் ஹால்ஸ் என்று டச்சு ஓவியர் பெயரில் 1955-இல் பதிவான பழைய ரகம் ஒன்று அவர் வாசலிலேயே நிற்கும். அல்லி இதழ் துருச் சிவப்பு, புல்லி இதழ் வெளிர் மஞ்சள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அவருக்குப் போதாது. சிவப்பு ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், மஞ்சள் க்ரீமாக வேண்டும். டேலிலியில் சுத்த வெள்ளையும் இல்லை, சுத்த நீலமும் இல்லை. வெள்ளை என்று விற்பதெல்லாம் வெளிறிய க்ரீமோ மஞ்சளோதான். ஆகவே க்ரீமுக்கும் மஞ்சளுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பது அந்த வீட்டில் தீராத வழக்கு. அவர் பெயின்ட் கடை வண்ண அட்டையை இதழோடு ஒட்டிவைத்துக் காட்டுவார். மனைவி பார்ப்பார். மஞ்சள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

சிவப்பில் வேறு தொல்லை. அடர்சிவப்பு வெயிலை நன்றாக உறிஞ்சும். பிற்பகலில் இதழ் துவண்டு, ஓரம் குழைந்துபோகும். அதனால் பூக்கும் நாளில் செடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடையை நட்டுவைத்துவிட்டு, இவர் வெறுந்தலையோடு வெயிலில் நிற்பார். போட்டோ எடுப்பது காலை எட்டு மணிக்கு முன்னால். பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு என்னென்ன செய்வோமோ அதெல்லாம் இந்தப் படத்துக்கும் நடக்கும்.

பேச்சில் ஆர்லோ ஸ்டௌட் சொந்தப் பெரியப்பா மாதிரி வந்துபோவார். நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் இருந்துகொண்டு, பல தலைமுறைச் செடிகளைக் கலந்து, 1934-இல் தெரான் என்ற அடர்சிவப்பு ரகத்தைக் கொண்டுவந்தவர். டேலிலி உலகின் மிக உயர்ந்த பதக்கம் அவர் பெயரில்தான். நம்மவரின் கண்ணும் அதன்மேல்தான். காலையில் ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி இன்னொன்றின் சூல்முடியில் தடவி, தகப்பன் பெயரை எழுதிச் சீட்டுக் கட்டுவார். விதைத்து முதல் பூவைப் பார்க்க இரண்டு மூன்று வருஷம். பதிவான ரகங்கள் 80,000-ஐத் தாண்டியாகிவிட்டன. பெயர் வைக்கவே திண்டாட வேண்டும். இவரோ மொட்டு வருவதற்கு முன்பே பெயரைத் தேர்ந்து வைத்திருப்பார்.

அந்த முதல் மொட்டு மறுநாள் மலரும் என்று ஊரையே காப்பிக்குக் கூப்பிட்ட இரவில்தான் மான் வரும். மீன்பிடி நரம்பு கட்டியிருப்பார், நெடியடிக்கும் சோப்பைத் தொங்கவிட்டிருப்பார். விடிந்தால் மொட்டைத் தண்டு மட்டும் நிற்கும். சோப்பு அப்படியே இருக்கும். மானின் நாக்கையும் குறை சொல்ல முடியாது. சீனாவில் ஒருவகை டேலிலி மொட்டை உலர்த்தி சூப்பில் போடுகிறார்கள். அந்தச் சமயத்தில் அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். அது க்ரீம்தானா என்று மானுக்குத்தான் தெரியும் என்று மனைவி ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

கஞ்சத்தனம் மட்டும் கிடையாது. சில வருஷத்துக்கு ஒருமுறை புதரைத் தோண்டிப் பிரித்து நட வேண்டும் என்பதால், ஆகஸ்டு பிறந்ததும் மண்ணும் வேருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். வாங்கிக்கொள்ளுங்கள், எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும்.