வால்வுக்கும் ஹெட்போனுக்கும் பொருத்தம் உண்டா?

கேள்வி: சிங்கப்பூர் கேன்ஜாம் ஹெட்போன் கண்காட்சிக்குப் போகிறேன். வால்வு ஆம்ப்ளிஃபையரில் எந்த ஹெட்போனை மாட்டினாலும் பாட்டு இனிக்குமாமே, உண்மையா?

பதில்: எதை மாட்டினாலும் இனிக்காது, ஜோடிப் பொருத்தம் பார்த்தே ஆகவேண்டும்! சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையரோடு அது பிரமாதமாகப் பாடும். அதிலேயே 16 ஓம் இயர்போனைச் செருகினால் பெரும்பாலும் பேஸ் தொளதொளத்துவிடும். குறைந்த ஓமுக்கு வேண்டிய கரண்ட்டைத் தாராளமாகத் தர அந்த வகை ஆம்ப்ளிஃபையரால் முடியாது.

ஆனால் வால்வின் இனிமை வெறும் கற்பனையல்ல. பல வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் மூல ஒலியோடு அதன் இரு மடங்கு அதிர்வெண்ணையும் கொஞ்சம் கலந்துவிடும். அதாவது ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜமும் மெல்லச் சேரும். அபஸ்வரமே இல்லை என்பதால் காது அதைக் குற்றமாக நினைக்காமல் குழைவாக ரசிக்கிறது.

கண்காட்சியில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். ஒரு டெசிபல் கூடினாலும் அதுவே உசத்தி என்று காது சாட்சி சொல்லிவிடும். நீங்கள் பல வருடம் கேட்டுப் பழகிய பாட்டையே கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் வயலினின் மேல் ஸ்தாயியும் உண்மையைச் சொல்லும். பின்பக்கம் திறந்த ஹெட்போனில் அரங்க இரைச்சலும் புகும். அதனால் மெல்லிய ஒலிகளை வைத்து அங்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

முதலில் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள்; அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரைப் பிறகு வாங்குங்கள்.