எதிர்ச்சாரியில் நிற்கும் மனிதர்

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, லேபர் டே விடுமுறை. ஊரெல்லாம் கொல்லைப்புறத்தில் கோழி வாட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பரணில் இருப்பார். ஹாலோவீனுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறதே என்று யாரும் வாய்தவறிக் கேட்டுவிடக் கூடாது. "போன வருஷமே லேட்டாயிடுச்சு" என்பார்.

பரணிலிருந்து இறங்குகிற சாமான்களில் விசேஷம் எதுவும் கிடையாது. தெர்மோகோல் கல்லறைகள், பிளாஸ்டிக் மண்டையோடுகள், பஞ்சு மாதிரி இழுத்துக் கட்டுகிற சிலந்தி வலை, ஆள் நடமாட்டம் தெரிந்தால் இளிக்கிற சூனியக்காரி. அமெரிக்கப் புறநகரில் எந்தத் தெருவிலும் நாலு வீட்டில் இவை உண்டு. அந்த நாலு வீட்டாரும் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் திண்ணையை அலங்கரித்துவிட்டு உள்ளே போய் டி.வி.யில் ஃபுட்பால் பார்ப்பார்கள். இவருக்கு அப்போதுதான் வேலையே தொடங்கும். தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போவார்.

எதிர்வீட்டுத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அக்டோபரில் அங்கே புல் முளைப்பதில்லை. இடுப்பில் கை, சாய்ந்த தலை, பாதி மூடிய ஒரு கண். தன் வீட்டுத் திண்ணையை அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு விடுவிடுவென்று தெருவைத் தாண்டிப் போய் ஒரு கல்லறையை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளுவார். மறுபடி எதிர்ச்சாரி. மறுபடி ஒரு கண். மறுபடி ஓடிப்போய் அதே இரண்டு அங்குலத்தை வலப்பக்கம் தள்ளுவார். நடுவில் கார் வந்தால் போக்குவரத்துக் காவலர் தோரணையில் கையைக் காட்டுவார். கார் நிற்கும்.

பகல் பார்வை வேறு, ராத்திரிப் பார்வை வேறு என்பதால் இருட்டிய பிறகு இன்னொரு தடவை. காரில் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அறிய, தன் தெருவிலேயே தன் காரை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு ஒரு தடவை. மழை பெய்தால் குடையோடு. அப்புறம், எதிர்ச்சாரியில் குந்தி உட்கார்ந்து ஒரு தடவை. "வர்றதுல பாதிப் பேர் மூணடி உயரம்தானே" என்று விளக்கமும் கொடுப்பார். மறுக்க முடியாத நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து நாயை நடத்திக்கொண்டு வருகிறவர் கதிதான் பரிதாபம். "வலது பக்கம் வெறிச்சுன்னு தெரியலை?" என்று பிடித்துக்கொள்வார். தெரியவில்லை என்றால் ஏன் தெரியவேண்டும் என்று கால் மணி நேரம் விளக்குவார். ஆமாம் என்றால் மறுநாள் அங்கே இன்னொரு கல்லறை முளைக்கும். நன்றாக இருக்கிறது என்று நழுவப் பார்த்தால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா?" என்று அவரே எடுத்துக்கொடுப்பார். அக்டோபர் பிறந்தால் அந்தத் தெருவின் நாய்கள் அடுத்த தெருவுக்கு இழுக்கின்றன. மனைவியைக் கேட்கலாமே என்றால், அந்த அம்மாள் திண்ணைப் பக்கம் திரும்பாமலேயே "பிரமாதம்" என்று சொல்லப் பழகிவிட்டார்.

2020இல் ஹோம் டிப்போ கடை 12 அடி எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்குக் கொண்டுவந்தது. கண் சிமிட்டுகிற எலும்புக்கூடு. ஹாலோவீனுக்கு வெகு முன்பே விற்றுத் தீர்ந்தது. இவருக்குக் கிடைத்துவிட்டது. திண்ணைக் கூரையின் உயரமோ எட்டு ஒன்பது அடி. ஆகவே எலும்புக்கூடு புல்வெளியில் நிற்க, மாடிப் படுக்கையறை ஜன்னலை அதன் மண்டை எட்டிப் பார்க்கிறது. புதுச் சங்கடம் என்னவென்றால், தபால் பெட்டிப் பக்கம் நின்றால் இப்போது கால் தெரிகிறது, தலை தெரிவதில்லை. அதனால் பின்வாங்கிப் பின்வாங்கி எதிர்வீட்டுத் திண்ணைக்கே ஏறிவிட்டார். பார்சல் எடுக்கக் கதவைத் திறக்கிற எதிர்வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இவர் முதுகை. "ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க. அங்கேர்ந்து மண்டை நேரா இருக்கா?"

பூசணிக்காய் விஷயத்தில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து விளக்கேற்றிய வழக்கம் அமெரிக்காவுக்கு வந்து பூசணிக்கு மாறியது. குடைந்த பூசணி ஒரு வாரம் தாங்கினால் அதிகம். வெட்டிய ஓரத்தில் வாஸலின் தடவுவார். மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் சில சங்கதிகளுக்குச் சிரிக்க முடியாது. 2023இல் ஹாலோவீன் அலங்காரத்துக்கு மட்டும் அமெரிக்கர்கள் 390 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அவரவர் பணம், போகட்டும். அந்தப் பஞ்சு வலையை மரத்திலும் புதரிலும் இழுத்துக் கட்டினால் சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்ளும் என்று வனவிலங்கு மீட்பாளர்கள் வருஷா வருஷம் எச்சரிக்கிறார்கள். இவர் காதில் விழுவதில்லை. எலும்புக்கூட்டைத் திரும்ப வைக்க வீட்டில் இடம் கிடையாது. டிசம்பரில் அதற்குச் சிவப்புக் குல்லாய், பிப்ரவரியில் மார்பில் ஒரு காகித இதயம். போதாததற்கு, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரக்கூன் திண்ணையைக் கடந்தால் சூனியக்காரி முழுத் தொண்டையில் சிரிக்கிறாள். தெருவே எழுந்து உட்காருகிறது. அவர் எழுந்திருப்பதில்லை.

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை அவருக்கு அரசாங்கத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. 2007 முதல் கோடை நேரத்தை நவம்பர் வரை நீட்டிவிட்டார்கள். நியூஜெர்ஸி பக்கம் அன்று சூரியன் மறையவே ஏறக்குறைய ஆறு மணி ஆகிறது. அதற்கு முன்பே வந்துவிடுகிற பொடிசுகளுக்கு விளக்கு ஜோடனை பாதிதான் எடுபடும். புலம்பிக்கொண்டே இருக்கிறவர், படியருகில் ஒரு குழந்தை மிரண்டு நின்றால் ஓடிப்போய்ப் புகை இயந்திரத்தை அணைக்கிறார். முகமூடியைக் கழற்றுகிறார். மண்டியிட்டு மிட்டாய்க் கிண்ணத்தை நீட்டுகிறார். திண்ணை ஓரத்தில் நீலப்பச்சை வர்ணம் பூசிய பூசணி ஒன்றும் இருக்கிறது. வேர்க்கடலை, பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு இங்கே தின்பண்டம் அல்லாத பரிசு உண்டு என்பதற்கான அடையாளம் அது. 2014 முதல் நாடெங்கும் பரவியது. பக்கத்திலேயே பென்சிலும் ஸ்டிக்கரும் நிறைந்த தனிக் கிண்ணம். அந்தத் தெருவில் வேறெந்த வீட்டிலும் இது கிடையாது.

ஆகவே எதிர்ச்சாரியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அக்டோபரில் உங்கள் திண்ணையில் அவருக்கு நிற்க இடம் கொடுங்கள். மண்டை நேராகத்தான் இருக்கிறது என்றும் சொல்லிவையுங்கள். பதிலுக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சூனியக்காரியின் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கண்டிப்பாகக் கேளுங்கள்.