ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்கு

நாலு பேரு குந்தற லாரி புக்கிங் ஆபீசுக்கு 24 எக்ஸ்டென்சன் வெக்கற டெலிபோன் பெட்டியா? தாராளமா வாங்கு கண்ணு. மேசைக்கு ஒண்ணு போக மிச்சம் இருவது. புள்ளையார் படத்துக்குக் கீழ ஒண்ணு, டீ கொண்டாற பையனுக்கு ஒண்ணு, கக்கூசுக்கு ஒண்ணு. அப்பவும் பதினேழு கெடக்கும். சங்ககிரியில இருக்கற மத்த ஆபீசுக்கெல்லாம் வாடகைக்கு உடு, பெட்டித் தவணையாவது கட்டலாம்.

டெலிபோன் டிபார்ட்மெண்ட்டுல கம்பம் ஏறின உன்ற அப்பாரு சொன்னாக் கேக்க மாட்டே. கோயமுத்தூர்லருந்து டை கட்டிட்டு வந்தவன் சொன்னா வாயைப் பொளந்துட்டுக் கேப்பே. அவன் எண்ணிக் காட்டினது உள்ளுக்குள்ள அடிக்கற போனு. நீ எண்ண வேண்டியது வெளிய போற லைனு. கடையில 308-ன்னு கேட்டாத் தருவான்: மூணு வெளி லைனு, எட்டு உள் லைனு. உனக்கு அதுவே எச்சு.

மூணு எதுக்குன்னு கேக்கறே. காலையில பத்துலருந்து பதினொண்ணுக்குள்ள லோடு விசாரிச்சு 20 பேரு கூப்பிடறாங்கன்னு வெச்சுக்க. ஆளுக்கு மூணு நிமிசம். மொத்தம் 60 நிமிசம், ஒரு லைன் போதுமேம்பே. பி.காம். படிச்சவனில்ல! ஒருத்தன் பேசி முடிச்சதும் இன்னொருத்தன்னு சொல்லி வெச்சா கூப்பிடறாங்க? மூணு பேரு ஒண்ணா அடிப்பான், அப்பறம் பத்து நிமிசம் ஒருத்தனும் அடிக்க மாட்டான். டென்மார்க்குல எர்லாங்குன்னு ஒருத்தரு, கோப்பன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில உக்காந்து 1917-லயே இதுக்குக் கணக்குப் போட்டு வெச்சுட்டாரு. அவரு கணக்குப்படி, ஒரு லைன்னா உனக்கு அடிக்கறவன்ல பாதிப் பேருக்கு எங்கேஜ். ரெண்டு லைன்னா 5-ல ஒருத்தனுக்கு. மூணுன்னா 16-ல ஒருத்தனுக்கு. நாலாவதும் போட்டா 65-ல ஒருத்தனுக்கு. எங்கேஜ் கேட்டவன் திரும்ப அடிப்பான்னு கனாக் காணாதே, எதுத்தாப்பல இருக்கற ஆபீசுக்கு அடிப்பான். அதனால மூணு. நாலாவது லைனுக்குக் கட்டற மாச வாடகைய என்கிட்டக் குடு, வெத்தலைக்கு ஆகும்.

மூணு லைனு வாங்கிட்டு ஹண்டிங் கேக்காம வந்துராதே. போர்டுலயும் லாரி முதுகுலயும் எழுதறது ஒரே நம்பரு. அதுல பேசிட்டிருந்தா கால் தானா அடுத்த லைனுக்குத் தாவணும். அது இல்லீன்னா மொத லைன் எங்கேஜ்னு பார்ட்டியெல்லாம் திட்டிட்டுக் கெடப்பான், மத்த ரெண்டு லைனும் விருந்துக்கு வந்த புது மாப்ளையாட்ட சும்மா உக்காந்திருக்கும்.

செல்லு இருக்கறப்ப இந்தக் கூத்தெல்லாம் எதுக்குன்னு உன்ற பொண்டாட்டி கேட்டாளாமா. கேட்டதுல தப்பில்ல. ஆனா செல்லு நம்பரு ஆளோட போயிரும். சம்பளம் பத்தலைன்னு உன்ற கிளார்க்கு நாளைக்கு நின்னுட்டான்னா, அவன் சட்டைப் பையில உன்ற பார்ட்டி அத்தனை பேரும் சேந்து கெளம்பிருவாங்க. நம்பரு ஆபீசுக்குச் சொந்தமா இருக்கட்டும்.

அப்பறம் அந்த ஒண்ணை அமுக்குங்க, ரெண்டை அமுக்குங்க. பொம்பளைக் கொரல்ல பதிஞ்சு வெக்கப் போறியாமா. நடுராத்திரி ஹூப்ளி பைபாஸ்ல ஆக்சில் ஒடஞ்சு நிக்கற டிரைவர், கணக்குப் பிரிவுக்கு மூணுன்னு கேட்டுட்டு நிப்பானா? அவன் அமுக்கறதுக்கு உன்ற கழுத்தைத் தேடுவான். நாலு பேரு இருக்கற எடத்துல ஒருத்தன் கூப்பிட்டா ஒருத்தன் எடுக்கோணும். காக்க வெச்சுப் பீத்தோவன் பாட்டு போடறதும் அப்படித்தான். அந்த மனுசன் 1810-ல எலீசுன்னு யாருக்கோ ஆசையா எழுதுனாரு. அது போற போக்குல 'லைன்லயே இருங்க'ன்னு ஆயிப்போச்சு.

எடுக்கறது யாருங்கறதுதான் சங்கதி. அமெரிக்காவுல கேன்சஸ் சிட்டியில ஸ்ட்ரௌஜர்னு ஒருத்தரு, எழவுக் காரியத்தை எடுத்துச் செய்யறது தொழிலு. ஊர்ல எழவு உழுகுது, இவருக்குப் போனே வர்றதில்ல. பாத்தா எக்சேஞ்சுல பிளக்கு மாத்திக் குடுக்கற பொம்பளை போட்டிக்காரன் பொண்டாட்டியாம். இவருக்கு வர்ற காலெல்லாம் ஊட்டுக்காரனுக்கே போகுதாம். அப்படித்தான் கதை சொல்றாங்க. மனுசன் ரோசப்பட்டு, ஆளே இல்லாம லைன் மாத்தற மெசினைக் கண்டுபுடிச்சு 1891-ல பேட்டண்ட்டே வாங்கிட்டாரு. நம்ம நாட்டு எக்சேஞ்சுகள்ல டொக்கு டொக்குன்னு அடிச்சிட்டுக் கெடந்ததும் அவரு பேர் வெச்ச மெசினுதான். நீ என்னடான்னா ஆபரேட்டர் சீட்டுல மச்சினனை உக்கார வெக்கறேங்கறே. பையன் சொக்கத் தங்கம். அவனோட சொந்தத் தாய்மாமன் எதுத்தாப்பல புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கறதைத் தவிர ஒரு கொறையும் இல்ல.

அந்தக் காலத்துல மொதலாளிமாரு டயல் ஓட்டையில சின்னப் பூட்டை மாட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிட்டுப் போவாங்க. பசங்க ரிசீவர் வெக்கற கட்டையைத் தட்டியே நம்பர் போட்டுருவானுக. அஞ்சுக்கு அஞ்சு தட்டு, ஜீரோவுக்குப் பத்து. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு என்கிட்டக் கேக்காதே. இப்ப எந்தப் போன் வெளிய பேசலாம், எது உள்ளுக்குள்ள மட்டும்னு பெட்டியிலயே பூட்டிக்கலாம். ஆனா கம்பெனிக்காரன் போட்டு அனுப்பற பாஸ்வேர்டை மொத நாளே மாத்திரு. 1234-ஐக் கண்டுபுடிக்கத் திருடனுக்கு ஜோசியமா வேணும்? இண்டர்நெட்டுல கோத்த பெட்டின்னா ராத்திரியோட ராத்திரி எவனோ நொழஞ்சு கண்காணாத தேசத்துக்கெல்லாம் பேசிட்டுப் போயிருவான். பில்லு உனக்கு.

கரண்டு விசயமும் கேட்டுக்க. பழைய செம்புக் கம்பியில எக்சேஞ்சு பேட்டரியிலருந்தே 48 வோல்ட் வரும், ஊரே இருட்டாக் கெடந்தாலும் போன் பேசும். மணியடிக்கறப்ப 75 வோல்ட். கம்பத்து மேல நின்னு கம்பியை உரிச்சிட்டு இருக்கறப்ப எவனாச்சும் கூப்பிட்டுட்டான்னா, அவன் ஏழு தலைமுறைக்கும் வாயில வந்ததெல்லாம் வரும். இப்ப உனக்கு வர்றது ஃபைபரு. அதுல கரண்டு வராது. பெட்டிக்கு யுபிஎஸ் வெச்சுட்டு, செவுத்துல மாட்டின ஃபைபர் மோடத்தை உட்டுட்டீன்னா, பெட்டி முழிச்சிட்டிருக்கும், லைன் செத்துக் கெடக்கும். ரெண்டையும் யுபிஎஸ்ல கோத்துடு. எர்த்துக் குழியில காசைப் பாக்காதே, சித்திரை இடிக்கு உன்ற தவணை பாக்கியெல்லாம் தெரியாது.

எந்தக் கம்பி எந்த மேசைக்குப் போகுதுன்னு ஒரு தாள்ல எழுதி, பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லு. 'எல்லாம் மண்டையில இருக்குது சார்'ம்பான் டை கட்டினவன். அந்த மண்டை ஆறு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிரும். எலி கடிச்ச அன்னைக்கு நீ என்னையத்தான் கூப்பிடுவே. வர்றேன். நாட்டுக்கோழி அடிச்சு வெச்சிரு. பிராய்லர்னா நான் எங்கேஜு.