நீலத் தொப்பிக்குப் பாட்டா சொல்லுக புத்தி

மக்கா, உன்னை ஐ.நா. சமாதானப் படையில சேத்துத் தெக்கு சூடானுக்கு அனுப்புகானாமே? சந்தோசம். பட்டாளத்து ஆபீசருக்குப் புத்தி சொல்ல நான் ஆரு? மணவாளக்குறிச்சி கருமணல்ல காலு பொதைய நடந்த கெழவன். ஆனா ஒண்ணு, சமாதானத்தை எப்படிக் கெடுக்கணும்னு நம்ம நாடு ஒருக்கா பக்குவமாச் செய்து காட்டியிருக்கு. அதைப் படிக்காமப் போயிராதே.

மொதல்ல ஒப்பந்தம். இலங்கையில சண்டை போட்டது கொழும்பு அரசாங்கமும், தமிழருக்குத் தனி நாடு கேட்ட விடுதலைப் புலிகளும். 1987 ஜூலை 29-ல கையெழுத்துப் போட்டது இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் நம்ம பிரதமர் ராஜீவ் காந்தியும். வரப்புத் தகராறு அண்ணனுக்கும் தம்பிக்கும். தம்பிக்குப் பதிலா அடுத்த தோப்புக்காரன் முத்திரைத்தாள்ல ஒப்புப் போட்டா வெளங்குமாடே? மறுநாள் கொழும்புல அணிவகுப்புல நின்ன சிங்களக் கடற்படைக்காரன் ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால ராஜீவை ஓங்கி அடிச்சான். அப்பவாவது யோசிச்சிருக்கலாம். எங்க! அதுக்குள்ள சமாதானம் காக்க நம்ம பட்டாளம் யாழ்ப்பாணத்துப் பலாலியில எறங்கியாச்சு.

யாழ்ப்பாணத்து சனங்க மாலை போட்டுத்தான் கூப்பிட்டாவ. ஆகஸ்டுல புலிகள் பேருக்குக் கொஞ்சம் துப்பாக்கியைக் கொடுத்தாவ. நடுவுல நிக்கப் போனவன் அக்டோபர் 10-ல ஒரு பக்கத்தோட மல்லுக்கு நிக்கான். அந்த மாசம் 21, தீவாளி நாளு. நம்ம பட்டாளம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து சுட்டதுல நோயாளி, டாக்டர், நர்சுன்னு செத்தாவ. பாட்டா எல்லாத்தையும் நக்கலடிப்பேன். இதை முடியாது.

பொறவு நடந்த அதிசயத்தைக் கேளு. ஜெயவர்த்தனாவுக்குப் பொறவு பிரேமதாசா ஜனாதிபதியா வந்தாரு. ஒருத்தனை ஒருத்தன் கொல்லத் துடிச்ச அரசாங்கமும் புலிகளும், "இந்தியப் பட்டாளமே வெளிய போ"ங்கதுல ஒத்துமையாயிட்டாவ. பிரேமதாசா அரசாங்கம் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்திச்சு. நம்ம படை உண்டாக்கின சமாதானம் அது ஒண்ணுதாம்ல! 1990 மார்ச் 24-ல கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுது. ஆயிரத்துக்கு மேல நம்ம பிள்ளைங்க திரும்பி வரல்ல. வந்தவனை வரவேற்க தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி போகல்ல. ஜூன்ல அங்க மறுபடியும் யுத்தம்.

நாட்டைத் திரும்பக் கட்டுகதுன்னு சொல்லுவாவல்லா, அந்தக் கதையும் உண்டு. ஒப்பந்தத்துல சொன்ன மாகாண சபைக்கு இலங்கை அரசியல் சட்டத்துல 13-வது திருத்தம் 1987-லயே வந்தாச்சு. வடக்கு மாகாணம் தன் சபைக்கு ஓட்டுப் போட்டது 2013-ல. 2018-ல அந்தச் சபைக்குக் காலம் முடிஞ்சுது. அப்புறம் தேர்தலைக் காணோம். போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் கொழும்பு மடியிலேயே பத்திரமா இருக்கு. எழுதினவனுக்கு அவசரம், கொடுக்கிறவனுக்கு என்ன அவசரம்?

இன்னா கூப்பிடு தூரத்துல கெடக்க மண்டைக்காட்டுலயும் 1982 மார்ச்சுல இந்துக்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் கலவரம். துப்பாக்கிச் சூடு, சாவு, பொறவு விசாரிக்க வேணுகோபால் கமிஷன். குன்றக்குடி அடிகளார் வந்தாரு. காவி உடுத்த மடாதிபதி. வேதக்காரன், இந்துன்னு பாக்காம ரெண்டு பக்கத்து ஆளுககிட்டயும் உக்காந்து பேசினாரு. அவரு கூட டாங்கியும் வரல்ல, ஹெலிகாப்டரும் வரல்ல. கோவிச்சுக்கிட்டு இருக்கவன் வாயைத் தெறக்கது வரைக்கும் காத்துக் கெடக்க பொறுமை வந்துது. அதை உன் பெட்டியில வைக்க எடம் இருக்கா, இல்ல சோப்பும் சட்டையுமா நெறச்சாச்சா?

சரி, நீ போகப்போற தெக்கு சூடான் காகிதத்துக்கு வா. 2018 சமாதான ஒப்பந்தத்துல ஜனாதிபதி சல்வா கீரும் அவரை எதுத்துச் சண்டை போட்ட ரீக் மச்சாரும் ஒப்புப் போட்டாவளாமே, ஒப்புப் போடாதவன் எத்தனை பேரு கையில துப்பாக்கி இருக்கு? தெரியாதா? அப்ப பெட்டியைக் கட்டுகதை நிறுத்து. போயி விசாரிச்சுட்டு வா.