999-ஆம் யூனிட்

என் மச்சினன் அல்புகர்க்கியில் இருக்கிறான். போன சனிக்கிழமை போன் செய்து, "அத்தான், உங்க டென்ட் சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டான். அந்தச் 'சும்மாதானே' இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அவனுக்கு எல்க் மான் வேட்டைக்கான டேக் குலுக்கலில் விழுந்திருக்கிறது. வாழ்க்கையில் போட்ட முதல் விண்ணப்பம். ஆபீஸில் நாலு பேர் போட்டார்களாம், இவனும் போட்டானாம். "ஏதோ 16-டின்னு போட்டிருக்கு. நல்ல இடமா அத்தான்?" நல்ல இடமாவாம்! கீலா காட்டில் ஒரு டேக் கிடைக்காதா என்று நாடு முழுக்க ஆட்கள் வருஷா வருஷம் பணத்தைக் கட்டிவிட்டு சாமி கும்பிடுகிறார்கள். இவன் கூகுள் மேப்பில் அது எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

நியூ மெக்சிகோவில், டேக் விழாத வருஷத்துக்கு ஒரு பாயின்ட், பாயின்ட் அதிகம் சேர்த்தவனுக்கு முதலிடம் என்ற பேச்சே கிடையாது. வருஷா வருஷம் எல்லாப் பெயரையும் புதிதாகப் போட்டுக் குலுக்குகிறார்கள். 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்பது போன்ற ஒதுக்கீட்டைத் தவிர வேறு தகுதி பார்ப்பதில்லை. உத்திரமேரூர்க் குடவோலைக்குக்கூட நிலம் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, வயது என்ன, படிப்பு என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் ஓலையைக் குடத்தில் போட்டார்கள்.

நான் இருப்பது கொலராடோ. இங்கே பாயின்ட் உண்டு. பாயின்ட்தான் உண்டு.

நம் வேட்டைக்கார ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெயர், ஊர், வேலையெல்லாம் அப்புறம். "எல்க்குக்கு எத்தனை பாயின்ட் வெச்சிருக்கீங்க?" கேட்டவர் தன்னுடையதைச் சொல்ல மாட்டார். நாமும் ஒன்றிரண்டு குறைத்தே சொல்வோம். வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்று மூன்று வேட்டை யூனிட்டுகள் இருக்கின்றன. 20 பாயின்ட் இல்லாதவன் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. டேக் விழாதவர்களுக்கு ஆறுதலாக ஆளுக்கொரு பாயின்ட் தருவார்கள். எனக்கு ஒன்று ஏறினால், எனக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் ஒன்று ஏறுகிறது. இந்த லட்சணத்தில் நான் ரிடையர் ஆனாலும் 201 எனக்கு எட்டாது. நெவாடாவில் பாயின்ட்டை வர்க்கமாக்கிப் பெருக்குகிறார்கள், மான்டானாவிலும் அப்படியே. அதனால் என் எக்செல் கணக்கில் கூடுதலாக ஒரு பத்தி சேர்ந்ததுதான் மிச்சம். இந்த முறைக்கு மாற்றாக என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. மிக எளிமையானது. கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் 999.

விண்ணப்பத்தில் போடுகிற கோட் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஈ-எம்-012-ஓ1-ஆர் என்றால் எல்க், ஆண், 12-ஆம் யூனிட், முதல் சீசன், ரைஃபிள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஒருமுறை சொல்லியும் இருக்கிறேனாம். அதே பட்டியலில் ஈ-பி-999-99-பி என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் டேக் வராது, பாயின்ட் மட்டும் வரும். அதாவது, இந்த வருஷம் நான் வேட்டைக்குப் போகாமலிருக்க அனுமதி வேண்டும் என்று ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பித்து, அதற்குத் திருப்பித் தராத கட்டணமும் கட்டுவது. அப்படி விண்ணப்பிக்கும் தகுதி வேண்டுமென்றால், முதலில் முயல் அடிக்கவோ வான்கோழி அடிக்கவோ ஒரு லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். முயலுக்கும் நான் போவதில்லை.

வரைபடத்தில் 999 என்று ஒரு யூனிட் கிடையாது. ஆனால் அங்கே போய் வந்த அனுபவம் எனக்கு நிறைய. அருமையான இடம். 99-ஆம் சீசன் எப்போதும் தீபாவளி லீவோடு சேர்ந்து வரும். பனி பெய்யாது. காற்று எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் முகத்துக்கு எதிராகவே வீசும். எல்க் நூறு கெஜத்தில் வந்து பக்கவாட்டில் திரும்பி நின்று, நான் மூச்சைச் சீராக்கும்வரை காத்திருக்கும். சுட்டதும் நாலடி நடந்து வந்து காருக்குப் பக்கத்தில் விழும். முந்நூறு கிலோ மிருகத்தைத் துண்டு போட்டு முதுகில் ஏற்றி, விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டிச் சுமக்கிற வேலையெல்லாம் அங்கே இல்லை. அங்கே போகிற யாருக்கும் இதுவரை குறி தவறியதில்லை. கூட்டம் மட்டும் கொஞ்சம் அதிகம், மாநிலத்திலேயே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சட்டச் சிக்கல். கோடில் இரண்டாவது எழுத்து ஆணா பெண்ணா என்பதற்கு. எம் என்றால் ஆண், எஃப் என்றால் பெண், ஈ என்றால் இரண்டில் ஏதாவது ஒன்று. 999-இல் அந்த இடத்தில் பி என்று இருக்கிறது. ஆணென்றும் சொல்ல முடியாது, பெண்ணென்றும் சொல்ல முடியாது. பரம்பொருளுக்குச் சொல்கிற லட்சணம். விதிப்புத்தகமோ, வெட்டிய இறைச்சியில் ஆணா பெண்ணா என்பதற்கான அத்தாட்சி இயற்கையாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. பரம்பொருளில் எதை ஒட்டவிட்டுக் கொண்டுவருவது? சாப்பாட்டு மேஜையில் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினேன். என் மனைவி ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அதான் கடையிலயே விக்குதே" என்பது அவள் நிரந்தர வாதம். விற்கிறது, மறுக்கவில்லை. குலுக்கல் இல்லாமல், பாயின்ட் இல்லாமல், இரண்டாம் சீசனுக்கு ஆண் எல்க் டேக்கை மளிகைச் சாமான் மாதிரி கையில் வாங்கிக்கொண்டு வரலாம். கடையில் கிடைப்பதை எவன் மதிப்பான்? அதோடு, போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கூத்து தெரியும். இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு போட்டாக வேண்டும், தலையிலும் அதே நிறம். 2016 முதல் பிங்க்கும் செல்லும். விடிந்ததும் பைனாகுலரை எடுத்தால் எதிர்ச்சரிவு முழுக்க ஆரஞ்சு, நடுவில் இரண்டு பிங்க். இந்த மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் எல்க்குகள் இருக்கின்றனவாம். அவை அந்த வாரம் மட்டும் எங்கே போய்த் தங்குகின்றன என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் தேவலை.

கேரேஜில் பெரிய ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. எல்க் இறைச்சிக்கென்று அளவு பார்த்து வாங்கியது. இப்போது அதில் முருங்கைக்காய், துருவிய தேங்காய், போன கொலுவில் மிஞ்சிய சுண்டல் இருக்கின்றன. அதற்காக என்னால் எல்க்குக்குப் பிரயோஜனமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் என்று ஒரு சட்டம் போட்டார்கள். ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் வனவிலங்குகளைக் காப்பதற்கு. நான் இரண்டையும் தாராளமாக வாங்குகிறேன். ஒன்றையும் சுடுவதில்லை. எல்க்குகளுக்கு விவரம் தெரிந்தால் எனக்குச் சிலை வைக்கும்.

மச்சினன் டென்ட்டோடு நிறுத்தவில்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப் கேட்டான். இறைச்சி கட்டுகிற துணிப் பைகள் கேட்டான். அவை இன்னும் பிரிக்காத பாக்கெட்டில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், அக்காக்காரி சொல்லியிருக்கிறாள். "அத்தான், நீங்க போட்டு வெச்சிருக்கீங்களே அந்த பிளான், தண்ணி எங்க, மேடு எங்கன்னு, அதையும் அனுப்புங்களேன்." அது 201-க்குப் போட்ட பிளான். கீலாவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? "எல்லா மலையும் ஒண்ணுதானே அத்தான்." மலைகள் எல்லாம் ஒன்றென்று நினைக்கிறவனுக்கு 16-டி. உயரக்கோடு உயரக்கோடாகப் பார்த்து வைத்திருக்கிறவனுக்கு 999. அனுப்பினேன். மைத்துனர் உறவு.

சரி, மாற்றுத் திட்டத்துக்கு வருகிறேன். பாயின்ட் முறையில் அடிப்படைக் கோளாறு என்னவென்றால்... இருங்கள், இன்று புதன்கிழமை. யாராவது வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த டேக்குகளைக் காலை 11 மணிக்கு விற்பார்கள். பட்டியல் நேற்றே வந்துவிட்டது. எனக்குத் தோதாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: பெண் எல்க், கடைசி சீசன், தனியார் நிலத்தில் மட்டும். அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதையெல்லாம் வாங்கிய பிறகு விசாரித்துக்கொள்ளலாம். மணி 10.58.