மண்பானைக்குள் விரல்கள்

உட்ரெக்ட்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தம்பி படிக்க வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் கிடைத்தது. குக்கர் சரி, புளிக்காய்ச்சல் ரொம்பச் சரி. மங்கி குல்லாவும் இருக்கட்டும். மார்கழியில் 22 டிகிரிக்கே அதை மாட்டிக்கொள்ளும் பரம்பரை நாம். ஆனால் பதினேழாவது வரியில் ‘சைக்கிளுக்கு: சித்தி பின்னிய கம்பளிக் கையுறை, 1 ஜோடி. போதாவிட்டால் அங்கேயே நல்ல வாட்டர்புரூஃபாக வாங்கிக்கொள்ளட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. நம்மூரில் கையுறை என்பது ஸ்கூட்டரில் போகும் பெண்கள் வெயிலுக்குப் பயந்து முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொள்ளும் துணி. அது இல்லாவிட்டால் கை கறுக்கும், அவ்வளவுதான். இங்கே அது இல்லாவிட்டால் வீடு வந்து சேர்ந்த பிறகு சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க விரல் வளையாது. அதனால் இந்தப் பதினேழாவது வரிக்கு மட்டும் ஒரு முழுக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால், கை நனையாமல் இருக்க எது வேண்டும் என்று கேட்கக் கூடாது. நனைந்தாலும் விறைக்காமல் இருக்க எது வேண்டும் என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், விலையைப் பார்க்கும் வரை.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்வோம். மழை என்றுதான் நினைப்பீர்கள். இந்த ஊரை ஒட்டிய டி பில்ட்டில்தான் நெதர்லாந்து வானிலை நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்வது 900 மில்லிமீட்டருக்குள்தான். சென்னைக்கோ சுமார் 1,400. ஆனால் சென்னை மழை பெரிய மனிதர் மாதிரி வரும். தெருவை நிரப்பும், பள்ளிக்கூடத்துக்கு லீவு வாங்கிக்கொடுக்கும், போய்விடும். இங்கத்திய மழை மாதத் தவணை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக வருஷம் முழுக்க வசூலாகும். அப்படியிருந்தும், மழை பெய்யும் மொத்த நேரத்தைக் கூட்டினால் ஆண்டில் ஏழெட்டு சதவீதம்தான் தேறும். காற்றுக்கு அந்த மாதிரி விடுப்பு கிடையாது. மேடு பள்ளம் இல்லாத நாடு, தடுக்க ஆளில்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பதற்கென்றே 2013 முதல் இவர்கள் ஒரு தேசியப் போட்டி நடத்துகிறார்கள்: ஓஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பணை மேல், சாதாரண சைக்கிளில், 8.5 கிலோமீட்டர். புயல் அடித்தால் நாம் போட்டியைத் தள்ளிவைப்போம். இவர்கள் புயல் வரட்டும் என்று காத்திருந்து தேதி குறிப்பார்கள். ஜனவரியில் இங்கே சராசரி 3, 4 டிகிரி. காற்றே இல்லாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், 3 டிகிரி என்பது வெறும் தோலுக்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு டிகிரி போலத்தான் இருக்கும். காலாவது உழைக்கிறது, சூடாகிறது. கை வேலை எதுவும் இல்லாமல் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று காற்றை வாங்கிக்கொள்கிறது. குளிர் ஏறினால் உடம்பும் சிக்கனத்தில் இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற, விரலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். வீட்டில் பணமுடை வந்தால் பத்திரிகைச் சந்தா நிற்பதைப் போல.

இப்போது கம்பளிக்கு வருவோம். சித்தியின் பின்னலில் குறையில்லை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமில்லாதது போல நடிக்கும். பருத்திக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. தொல்லை பின்னலின் கண்களில் இருக்கிறது. சூட்டைப் பிடித்துவைப்பது நூல் அல்ல, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. சைக்கிள் வேகத்தில் அந்தக் காற்று நிற்பதில்லை. ஒரு கண்ணில் நுழைந்து மறு கண்ணில் போய்விடுகிறது. அதே இடத்தில் மழைத்தண்ணீர் புகுந்தாலோ இன்னும் மோசம். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அத்தோடு விடுவதில்லை. ஈரத்தின் மேல் காற்று பட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? சித்திரை மாதம் திண்ணையோரம் மண்பானையை வைக்கிறோம். பானை கசிகிறது, கசிந்தது ஆவியாகிறது, ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த கம்பளிக் கையுறை காற்றில் போகும் மண்பானை. உள்ளே தண்ணீருக்குப் பதில் தம்பியின் விரல்கள்.

“அதனால்தானே வாட்டர்புரூஃப் வாங்கச் சொன்னேன்” என்பீர்கள். 60, 70 யூரோ கொடுத்தால் கிடைக்கும். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று வைத்திருப்பார்கள். 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார். கோர்-டெக்ஸ் என்று பெயர் பெற்றது அதுதான். தத்துவம் நம் இட்லித் துணியினுடையது: ஆவி போகும், மாவு ஒழுகாது. வியர்வை ஆவியாக வெளியேறும், மழைத்துளி உள்ளே வராது. கேட்கத் தேன். ஆனால் இட்லித் துணியின் மேல் ஒரு ஈரச்சாக்கைப் போர்த்தினால் ஆவி எங்கே போகும்? அரைமணி மழையில் மேல்துணி ஊறியதும் அதுதான் நடக்கிறது. சவ்வு தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஊறிய மேல்துணி வெளியே மண்பானையாகிறது, வழியில்லாத வியர்வை உள்ளே தங்குகிறது. கடைக்காரர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கையுறைக்கு எத்தனை உயர்ந்த சவ்வு வைத்தாலும், கை நுழைவதற்கு ஒரு ஓட்டை வைத்தே ஆக வேண்டும். இந்த நாட்டில் திரும்புவதற்கு முன் கையை நீட்டிக் காட்டுவது சட்டம். நீட்டிய கையில் விழும் மழை சட்டைக்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்து, நேரே கையுறைக்குள் இறங்கும். வந்த தண்ணீரை வெளியே விடாமல் காப்பதிலும் அந்தச் சவ்வு அதே நேர்மையோடு உழைக்கும். ஈரக்கையைப் பிடுங்கினால் உள்துணி விரல்களோடு சேர்ந்து வெளியே வரும். திரும்ப அதனதன் பொந்துக்குள் அனுப்புவது, அவிழ்ந்த பாவாடை நாடாவைக் கோர்ப்பதற்குச் சமம், அதுவும் விறைத்த கையோடு.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் காற்று புகாமை. நெருக்கமாக நெய்த மேல்துணி உள்ள, நடுத்தர விலைக் கையுறை போதும். சந்தேகமிருந்தால் வாயை வைத்து ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது அளவு. கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. ரத்தம் கொண்டுவருவதைத்தான் காவல் காக்கிறது. சிக்கென்று பிடிக்கும் கையுறை உள்ளே காற்றுக்கு இடம் தராது, விரலையும் நெரிக்கும். கடையில் கையை விரித்துப் பார்த்து “அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது” என்று மகிழக் கூடாது; ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல மடக்கிப் பார்க்க வேண்டும். விரல்நுனி துணியை முட்டினால் அடுத்த அளவு. மூன்றாவது மணிக்கட்டு. வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தில் ரத்தக்குழாய் தோலுக்கு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடம் திறந்திருந்தால் விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே ஆறிப்போகும். ஆகவே கையுறை நீளமாக இருக்க வேண்டும். மழையில் அதன் விளிம்பு கோட்டின் கைக்குள் போக வேண்டும், ஓட்டுக்கு மேல் ஓடு கவிழ்ப்பது போல. கட்டைவிரலின் முதுகில் துவாலை மாதிரி ஒரு துண்டு தைத்திருந்தால் விசேஷம். அது எதற்கு என்று சித்தியிடம் சொல்ல வேண்டாம். இந்தக் குளிரில் மூக்கு ஒழுகாத சைக்கிள்காரர் இல்லை.

தம்பி சில ஆட்சேபம் எழுப்புவான். தடித்த கையுறை போட்டால் போனைத் தொட முடியாதே என்பான். சைக்கிள் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது இங்கே 2019 ஜூலையிலிருந்து குற்றம். ஆகவே அது குறையல்ல, சட்டத்துக்கு ஒத்துழைப்பு. பிரேக் பிடிக்க வராதே என்பான். அதில் நியாயம் உண்டு. விரல்கள் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும் வகைக் கையுறையில் சூடு அதிகம், பிடி குறைவு. ஆனால் இங்கத்திய பழைய பாணிச் சைக்கிள் பலவற்றில் பெடலைப் பின்னால் அழுத்தினாலே வண்டி நிற்கும். கைக்கு அந்த வேலையே இல்லை. கைப்பிரேக் வண்டி வாங்கினால் மட்டும் ஐந்து விரல் கையுறை கட்டாயம். கையுறையே வேண்டாம், ஹேண்டில்பாரிலேயே நிரந்தரமாகக் கட்டிவிடும் உறை இருக்கிறதே என்றால், அது உண்மையிலேயே எல்லாவற்றையும்விட நல்லது: காற்றும் வராது, மழையும் வராது, கையைச் சும்மா நுழைக்கலாம். தலையணை உறைக்குள் கையை விட்டுக்கொண்டு போகிறவனைப் போலத் தெரியும். 20 வயதில் அதற்குச் சம்மதிக்க மாட்டான்; 40 வயதில் தானே கேட்பான். மழை நின்ற பிறகு கிளம்பலாமே என்று அவன் சொன்னால் இந்த ஊர்க்காரர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: நீ என்ன சர்க்கரையா, கரைந்துபோக?

கடைசியாக, நீங்களே ஒரு கேள்வி கேட்பீர்கள்: நனையாத கையுறை கிடையாது என்றால் அடைமழை நாளில் என்னதான் செய்வது? இங்கேதான் சித்திக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கம்பளியின் குற்றம் காற்றையும் மழையையும் உள்ளே விட்டதுதான் என்று மேலே பார்த்தோம். அவற்றை வேறு யாராவது தடுத்துவிட்டால், கொஞ்சம் ஈரத்திலும் அது சூடு காக்கும். தடுக்க ஆள் சமையலறையிலேயே இருக்கிறது: பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை, பெரிய அளவு, இரண்டு யூரோ. கம்பளிக்கு மேல் அதை மாட்டினால் காற்று நுழையாது, மழை நுழையாது, நீளமோ முழங்கை வரைக்கும் பாதி தூரம். வியர்க்கும் என்பது உண்மை. ஆனால் வியர்வை உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர். ஆவியாக வழியில்லாததால் பானை வேலையும் செய்யாது. ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை ஐந்து கிலோமீட்டர், இருபது நிமிடம். அதுவரை தாராளமாகத் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் நனைந்த ஜோடியை ஹீட்டர் மேல் காயப்போட்டு, திரும்பும்போது உலர்ந்த ஜோடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். 70 யூரோ ஜோடி ஒன்றைவிட, சாதாரண ஜோடி இரண்டு எப்போதும் மேல். ஒன்று உலரும்போது மற்றது உழைக்கும்.

ஆகையால் பதினேழாவது வரியை இப்படித் திருத்துங்கள்: ‘சித்தி பின்னிய கம்பளிக் கையுறை, 2 ஜோடி, ஒரு சுற்று தளர்வாக.’ ரப்பர் கையுறையை இங்கே வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் நிறத்தில் அதை மாட்டிக்கொண்டு எப்படிக் கல்லூரிக்குப் போவது என்று தம்பி முகம் சுளித்தால், அதைப் பழகிக்கொள்வது நல்லது என்று சொல்லுங்கள். இந்த ஊரில் பாத்திரமும் அவன்தான் தேய்க்க வேண்டும்.

சித்திக்கும் பாட்டிக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: புளிக்காய்ச்சல் வரியிலும் ஒரு திருத்தம். அதுவும் 2.